ஊதா மை

ஸ்டாம்ப் பேடு காய்ந்துபோயிருந்தது. சனிக்கிழமை மதியம், மூன்று மணிக்கு மேல் இருக்கும், கடைசி வருடத்து மாணவி ஒருத்தி லாக் புக்கைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு, திங்கட்கிழமை பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியாக வேண்டும் மேம், எல்லாப் பக்கத்திலும் கையெழுத்தும் சீலும் வேண்டும் என்று சொல்லி நின்றாள். இரண்டு வருடத்து வேலை முழுக்க அந்த நீலக் காலிகோ அட்டைக்குள் இருந்தது, பார்த்த நோயாளிகள், கேட்ட வரலாறுகள், செய்த பரிசோதனைகள், என்னிடம் வந்து பேசியதாகக் கணக்கில் ஏறிய மணிநேரங்கள், ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு காலிக் கட்டம். ரப்பர் சீலை எடுத்து அழுத்திப் பார்த்தேன், என் பெயரில் பாதிதான் விழுந்தது. அட்டெண்டர் எங்கிருந்தோ ஒரு சின்ன மைப்புட்டியைத் தேடி எடுத்துவந்தார், நாலைந்து சொட்டு விட்டு நான் விரலால் தேய்த்தபோது அந்த வாசனை எழுந்தது, கொஞ்சம் துருவும் கொஞ்சம் சாராயமும் மழையில் நனைந்த கோணிப்பையும் சேர்ந்தாற்போல, குளிர்சாதன அறைக்குள் நாள் முழுக்க அடித்துவைத்திருக்கும் எலுமிச்சை வாசனையை அது ஒரு நொடியில் ஓரமாகத் தள்ளிவிட்டது, நான் அம்பாசமுத்திரத்தில், தாலுகா ஆபீஸ் வாசலில், புங்கமரத்து நிழலில், தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தாத்தா மனு எழுதுகிறவர். சாய்வாக மூடி வைத்த கணக்குப்பிள்ளைப் பெட்டி ஒன்று அவருக்கு முன்னால் இருக்கும், அதைத் திறந்தால் வெள்ளைத் தாள், கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, கோந்துப் புட்டி, தகர டப்பாவில் ஊதா மை நனைத்த பேடு, எல்லாவற்றுக்கும் மேலே பூச்சி வராமல் இருக்க அவர் போட்டு வைக்கும் வசம்புத் துண்டு, இவை எல்லாம் கலந்த ஒரு வாசனை மூக்கில் வந்து இறங்கும். கோடை விடுமுறைக்குப் போனால் எனக்கும் அங்கே ஒரு வேலை உண்டு, கைநாட்டு வைத்தவர்களின் பெருவிரலைத் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிடுவது. பெரும்பாலும் பெண்கள், பீடி சுற்றிச் சுற்றி ரேகை தேய்ந்துபோன விரல்கள், அழுத்தி வைத்தாலும் தாளில் ஒரு ஊதாத் திட்டுதான் விழும், தாத்தா இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று மெதுவாக உருட்டி எடுப்பார், பிறகு அந்த விரல் என் மடிக்கு வரும், புகையிலை மணக்கும், துடைத்து முடிக்கும்வரை அவர்கள் கையை இழுத்துக்கொள்ளாமல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது, வந்தவர் பேசி முடிக்கும்வரை பேனா மூடியைக் கழற்ற மாட்டார். பக்கத்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் பெயர், ஊர், என்ன பிரச்சினை என்று கேட்டுக்கொண்டே எழுதித் தள்ளுவார்கள், பத்து நிமிடத்தில் ஒரு மனு, தாத்தாவுக்கு ஒன்று முடிய முக்கால் மணி நேரம் ஆகும். "ஆத்தா, முதல்ல சொல்லி முடி, பொறவு எழுதுவோம்" என்பார், அந்த அம்மாள் முதியோர் பணத்தில் ஆரம்பித்து மகன் வீட்டை விட்டுத் துரத்தியதற்குப் போய், அங்கிருந்து இருபது வருடத்துக்கு முன் செத்துப்போன புருஷனுக்குப் போய், கொஞ்சம் அழுது, மூக்கைச் சிந்தி, மறுபடி பணத்துக்கு வருவாள். இடையில் தாத்தா கேட்பது இரண்டே கேள்விகள், எப்போ இருந்து, அதுக்கு முந்தி எப்படி இருந்துச்சு. அவ்வளவுதான். பிறகு மூடியைக் கழற்றி, கனம் தாசில்தார் அவர்கள் சமூகத்திற்கு என்று தொடங்கி ஒரே மூச்சில் எழுதுவார், எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டி, நீ சொன்னது இதுதானா என்று கேட்பார், இல்லய்யா, இப்படி இல்ல என்று அவள் தலையசைத்தால் தாளை மடித்துப் பெட்டிக்கு அடியில் செருகிவிட்டு வேறு தாள் எடுப்பார்.

ஒரு தடவை வேலித் தகராறு ஒன்றுக்கு எழுதிய மனுவில், என் மச்சினன் வேலியைத் தினம் ஒரு சாண் நடக்க வைக்கிறான் என்று அந்தப் பெண் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார். ஆபீஸ் குமாஸ்தா வெளியே வந்து, என்ன அண்ணாச்சி, வேலி நடக்குமா, ஆக்கிரமிப்புன்னு எழுத வேண்டியதுதானே என்று சிரித்தார். தாத்தா சிரிக்கவில்லை, "அது அவ சொன்ன சொல்லு, அதை எடுத்துட்டா மனு என்னுதாயிரும்" என்றார். எனக்கு அப்போது பத்து வயது, வேலி நடப்பதை மட்டும் மனதில் வரைந்து பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன், தாமிரபரணியில் குளிக்கும்போதும் அதுவே நினைவு, முள்வேலி ஒன்று இரவில் கால் முளைத்து மெல்ல நடந்துபோவது.

அந்தச் சொல்லை மறுபடி எடுத்துக்கொடுத்தவர் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மேடம். 1991-ல் மருத்துவ உளவியல் எம்ஃபில் படிப்புக்காக நான் போய்ச் சேர்ந்த மருத்துவமனை பழைய கட்டடம், சுண்ணாம்புச் சுவர், உயரத்தில் கம்பி வலை போட்ட ஜன்னல்கள், மழைக்காலத்தில் சுவர் ஈரத்தின் வாசனையும் பினாயிலும், பெரிய அண்டாவில் வடித்த சோற்றின் ஆவியும் தாழ்வாரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். மேடத்தின் அறை தாழ்வாரத்தின் கடைசியில், மேற்குப் பார்த்தது, இரண்டரை மணிக்குமேல் கம்பி வலையின் நிழல் சின்னச் சின்னக் கட்டங்களாக மேசைமேல் விழுந்து, மணியாக ஆக நீண்டு, எங்கள் ரிப்போர்ட்டுகளின்மேல் ஏறும். கஞ்சி போட்ட நூல்சேலை, மூடிபோட்ட பித்தளைத் தம்ளரில் ஓமத் தண்ணீர், ஒரு மணிக்குத் தயிர்சாதமும் நார்த்தங்காயும், எதுவும் ஒருநாளும் மாறியதில்லை. நாங்கள் நோயாளியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து, படம் வரையச் சொல்லும் பரிசோதனைகளுக்கான பென்சில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாதி பிளேடால் சீவத் தொடங்குவார், முகத்தைப் பார்க்க மாட்டார், பென்சில் சீவலின் மர வாசனை மெல்லப் பரவும், அந்தப் பிளேடு ஓடிக்கொண்டிருக்கும்வரை பயமில்லை, நின்றால் எங்கோ தவறிவிட்டோம் என்று அர்த்தம்.

இந்தப் படிப்பு எப்படி வந்தது என்பதையும் அந்தச் சீவலுக்கு நடுவில்தான் சொல்லுவார். பெங்களூரில் 1954-ல் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கியதும், அடுத்த வருடமே உளவியல் முதுகலை முடித்தவர்களை ஆஸ்பத்திரிக்குள் கூட்டிவந்து பழக்கும் டிப்ளமோவை அங்கே ஆரம்பித்ததும், நிறுவனம் பிறகு நிம்ஹான்ஸ் ஆனதும், 1978-ல் அந்த டிப்ளமோ எம்ஃபில் என்று பெயர் மாறியதும் எங்களுக்கு வெறும் வருடங்களாகத்தான் காதில் விழுந்தன. அவருக்கு அப்படி இல்லை. புத்தகத்தில் படித்து முதுகலை வாங்கியவர்களுக்கு ஒரு நோயாளியின் எதிரே எப்படி உட்காருவது என்று தெரியாது, அதைச் சொல்லிக்கொடுக்க இன்னொரு மனிதர் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்று இந்த நாட்டில் சிலர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பது அவருக்குப் பெரிய விஷயம். நாங்கள் படித்துக்கொண்டிருந்தபோதுதான், 1992-ல், இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் வந்தது, இந்தப் பயிற்சி முடித்தவர்கள் பெயரைப் பதிவு செய்துகொண்டுதான் தொழில் செய்ய வேண்டும் என்பதற்கு அது அடித்தளம். இந்தப் படிப்பில் ஐந்து முழு நோயறிதல் பதிவுகள், ஐந்து சிகிச்சைப் பதிவுகள் எழுதிக் கொடுக்க வேண்டும், வெளியில் இருப்பவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு வெறும் பத்துதானா என்று தோன்றும். அந்தப் பத்தில் ஒன்றை எழுத எத்தனை இரவு என்பது விடுதி அறையில் கூட இருந்தவர்களுக்குத்தான் தெரியும், நோயாளி சொன்னதை நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதி, நாம் சொன்னதையும் எழுதி, ஏன் அதைச் சொன்னோம் என்று ஓரத்தில் எழுதி, அதைப் படித்துவிட்டு மேடம் பென்சிலால் ஒரே ஒரு சொல்லின் அடியில் கோடு போட்டுத் திருப்பித் தருவார்.

இரண்டாவது மாதம் எனக்கு ஒரு பெரியவர் கிடைத்தார். கொள்ளிடக்கரையில் ஒரு கிராமம், அறுபது வயதிருக்கும், நாலு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை, விடியும் முன்னே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார் என்று மகன் கூட்டிவந்திருந்தான். மனநிலைப் பரிசோதனையில் யோசனையின் ஆழத்தைப் பார்க்கப் பழமொழி கேட்பது வழக்கம், சொல்லுக்கு அப்பால் போய்ப் பொருள் சொல்கிறாரா, சொல்லிலேயே நின்றுவிடுகிறாரா என்று பார்க்க. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததில் ஒன்றை எடுத்து, ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம் ஐயா என்று கேட்டேன். வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு, "ஆத்துக்குள்ள போனத எப்படிம்மா அளக்கிறது, சர்வேயரே முடியாதுன்னுட்டாரு" என்றார். எனக்குள் ஒரு சந்தோஷம், புத்தகத்தில் படித்தது கண்ணெதிரே நடந்துவிட்டது, ஆங்கிலத்தில் ஒரே வரியாக, இவருடைய சிந்தனை சொல்லளவில் நிற்கிறது என்று எழுதி, அடியில் கோடும் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் அதை வாசித்தபோது பிளேடு நின்றது. "அந்த சர்வேயர் யாரு?" என்று கேட்டார். தெரியாது மேடம் என்றேன். "போய்க் கேட்டுட்டு வா" என்றார், அடுத்த வாரம் என்றோ அடுத்த முறை என்றோ இல்லை, அப்போதே, கம்பி வலையின் நிழல் மேசையில் பாதி ஏறியிருந்த அந்த நேரத்திலேயே. வார்டுக்குப் போனேன், நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளவில்லை, மறந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும், பெரியவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து துண்டை மடித்துக்கொண்டிருந்தார், ஐயா, நேத்து சர்வேயர்னு சொன்னீங்களே என்றேன். ஆற்றோரத்தில் இரண்டு மா படுகை நிலம், வாழை வைத்திருந்தார், வெள்ளத்தில் கரை இடிந்து நிலம் தண்ணீருக்குள் போய்விட்டது, பட்டாவில் இருக்கிறது, தரையில் இல்லை, சங்கிலி பிடித்து அளக்க வந்த சர்வேயர் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு, இதை எங்கே ஐயா அளக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், அதன்பிறகு வீட்டில் எல்லோரும் போனது போகட்டும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நாற்பது நிமிடம் பேசினார், நாலு மாதமாகப் பேசாத மனிதர், நடுவில் ஒருமுறை எழுந்து நின்று, கையை நீட்டி, இங்கேருந்து அதோ அந்தத் தூண் வரைக்கும் என்று வார்டுக்குள்ளேயே நிலத்தை அளந்து காட்டினார்.

திரும்பி வந்து சொன்னேன். மேடம் மறுபடி சீவத் தொடங்கியிருந்தார். "பழமொழி கேட்டது நீ, அவர் பதில் சொன்னது அவரோட கேள்விக்கு" என்றார், பிறகு கொஞ்சம் கழித்து, ஒரு பழமொழியை வைத்து யாரையும் அளக்காதே, வேறு இரண்டு கேள், அவர் காயத்தைத் தொடாததாகக் கேள் என்றார். மறுநாள் யானைக்கும் அடி சறுக்கும் என்று கேட்டேன், பெரிய மனுசனுக்கும் கெட்ட காலம் வரும்மா என்று உடனே சொல்லிவிட்டார், சொல்லிவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். என் ரிப்போர்ட்டில் மேடம் எதையும் அடிக்கவில்லை, நான் கோடு போட்டிருந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சர்வேயர் என்று மட்டும் எழுதியிருந்தார். அன்று இரவு விடுதிக்கு நடந்துபோகும்போதுதான் தாத்தாவின் வேலி நினைவுக்கு வந்தது, பதின்மூன்று வருடம் எங்கோ நின்றிருந்துவிட்டு மறுபடி ஒரு சாண் நடந்திருந்தது.

நோயாளி பேசுவதைக் கேட்கப் பழகுவதற்கு, நாம் பேசுவதை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. பெர்லினில் 1920-ல் உளப்பகுப்பாய்வு மருத்துவமனை ஒன்றைத் திறந்தபோதே, புதிதாகச் சிகிச்சை செய்கிறவர்கள் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் மூத்தவர் ஒருவரிடம் தொடர்ந்து சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள், அமெரிக்காவில் கார்ல் ராஜர்ஸ் சிகிச்சை உரையாடல்களை ஒலித்தட்டில் பதிவு செய்து, 1942-ல் ஒரு நோயாளியோடு பேசியது முழுவதையும் சொல் விடாமல் புத்தகத்தில் அச்சிட்டார், அதுவரை மூடிய கதவுக்குள் நடந்தது முதல் தடவையாக மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி வெளியே வந்தது. எங்கள் மேடத்திடம் ஒரு கேசட் ரெக்கார்டர் இருந்தது, நோயாளியிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் பதிவு செய்வோம், பிறகு அந்த மேற்கு அறையில் உட்கார்ந்து நம் குரலையே நாம் கேட்க வேண்டும். முதல் தடவை கேட்டதை என்னால் மறக்க முடியாது, நோயாளியாக வந்திருந்த பெண் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்திலெல்லாம் நான் பேசியிருந்தேன், அவள் சொல்ல வந்த ஏதோ ஒன்று மூன்று தடவை வாசல்வரை வந்து திரும்பிப் போயிருந்தது. மேடம் ஒன்றும் சொல்லவில்லை, டேப்பைப் பின்னால் ஓட்டி, அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை போட்டார்.

படிப்பின் நடுவில் வேலூரில் பதினைந்து நாள் போஸ்டிங். ஊருக்கு வெளியே பாகாயத்தில் 1957-ல் தொடங்கிய மனநல மையம், சி.எம்.சி.யைச் சேர்ந்தது, அங்கே நோயாளியைத் தனியாகச் சேர்க்க மாட்டார்கள், வீட்டு மனிதர் ஒருவர் கூடவே தங்கியாக வேண்டும். அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் ஐம்பதுகளில் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டு நோயாளிகளின் குடும்பங்களைத் தங்கவைத்தார் என்று மேடம் சொல்லியிருந்தார், இங்கே அதே எண்ணம் கட்டடமாக நின்றது. நான் அதுவரை பார்த்த வார்டுகளில் இருந்த மௌனம் அங்கே இல்லை, பாத்திரம் கழுவும் சத்தம், யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடும் சத்தம். ஒரு தாய், பெண்ணுக்கு இருபது வயதிருக்கும், காதில் குரல்கள் கேட்கிற பெண், தினமும் நாலு மணி வெயிலில் அவளை வராந்தாப் படியில் உட்காரவைத்துத் தேங்காயெண்ணெய் தடவித் தலைவாருவாள், நான் பக்கத்தில் போய் உட்காருவேன், சீப்பு இறங்கும் வேகத்தில் அவள் கதை சொல்லுவாள், சிக்கு வந்த இடத்தில் நிறுத்தி, விரலால் பிரித்துவிட்டு, பிறகு தொடருவாள். அந்தப் பெண்ணின் நோய் எப்போது தொடங்கியது என்பதற்கு அவள் சொன்ன விடை தேதி அல்ல, இவ தலையை என் மடியில வைக்கிறதை நிறுத்தினாளே, அந்தத் தையிலேருந்து என்றாள். லாக் புக்கில் அந்தப் பதினைந்து நாளும் பார்வையாளர் போஸ்டிங் என்று இரண்டு வரிகளில் முடிந்துவிட்டது, எனக்குத் தெரிந்து அந்த இரண்டு வருடத்தில் நான் கற்றதில் பாதி அந்தப் படியில் கிடைத்தது.

வேலைக்குச் சேர்ந்த பிறகு, மனநோயாளிகளைக் கொண்டுவந்து விடும் தர்கா இருக்கிற ஏர்வாடிக்கு ஒரு குழுவோடு போனேன், தொண்ணூறுகளின் நடுவில். சங்கிலியை அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன். கடற்காற்றில் உப்பும் ஊதுபத்தியும் கலந்த வாசனை, கொட்டகை நிழலில் காலில் சங்கிலியோடு ஒரு பெண், நான் எல்லோரிடமும் கேட்பதுபோல் பெயர் கேட்டு எழுதிக்கொண்டேன், நகரப்போனபோது, "எம்பேரை எழுதிக்கிட்டியா, வாசிச்சுக் காட்டு" என்றாள், வாசித்துக் காட்டினேன், சரி என்று தலையாட்டினாள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு கொட்டகை எரிந்து, சங்கிலியில் கிடந்த 28 பேர் இறந்துபோனார்கள். செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் தேடியது ஒரு பெயரை, அது அதில் இருக்கவில்லை, இருந்திருந்தாலும் அவள் எனக்குச் சொன்னது அவளுடைய வீட்டுப் பெயர்தானா என்று தெரியாது. எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்று எழுத்தில் தடுத்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-ல் வந்தது, மறுவாழ்வு கவுன்சில் ஏற்ற பயிற்சியை முடித்தவர்தான் மருத்துவ உளவியலாளர் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏர்வாடிக் கொட்டகையும் மேற்கு அறையும் சேர்ந்தே தோன்றும்.

"மேம்" என்றாள் மாணவி. ஸ்டாம்ப் பேடு திறந்திருந்தது, என் விரல் ஊதாவாக இருந்தது, முதல் பக்கத்தில்கூட இன்னும் சீல் விழவில்லை.

இந்த மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓ.பி.யில் காலையில் டோக்கன் கொடுக்க ஆரம்பித்தால் மதியம் வரை தலை நிமிர முடியாது, பார்த்த கையோடு லேப்டாப்பில் படிவத்தை நிரப்பியாக வேண்டும், படிவம் கேட்காததை எழுத அதில் இடமே இல்லை, அறைகள் வெள்ளையாக, சுத்தமாக, ஜன்னலே இல்லாமல் இருக்கின்றன, மணி என்ன என்று சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. என்னிடம் வர வேண்டிய நேரத்தில் எனக்குக் கூட்டம் இருக்கிறது, ஆய்வுக்குழு இருக்கிறது, பல நாட்கள் போனிலேயே பேசி முடித்துக்கொள்கிறோம். படிப்பே இப்போது கடைசிக் காலத்தில் இருக்கிறது, எம்ஃபில் என்பதையே நிறுத்துவதாக 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு விதி கொண்டுவந்து, மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 வரை சேர்க்கைக்கு அவகாசம் கொடுத்தது, அந்த இடத்துக்கு வேறு பெயரில் முதுகலை வருகிறது. 1955-ல் டிப்ளமோவாக இருந்தது எழுபது வருடத்தில் மறுபடி பெயர் மாறுகிறது, பெயர் போவதில் எனக்கு வருத்தம் அதிகமில்லை, புதிய பாடத்திட்டத்தில் மணிநேரங்கள் எத்தனை என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள், அந்த மணிநேரத்தில் யார் யார் பக்கத்தில் உட்காருவார்கள் என்று பேசுகிறவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

லாக் புக்கைப் புரட்டினேன். பிப்ரவரியில் ஒரு வரி, பெண், 38 வயது, மேற்பார்வை ஒரு மணி நேரம் என்று இருந்தது. அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நான் ஊரிலேயே இல்லை, ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு போனில் கேட்டேன், அறிவிப்புச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை, சரிம்மா, அப்படியே செய் என்று சொல்லி வைத்துவிட்டேன், இருபது நிமிடம்கூட இருக்காது. அவள் பொய் எழுதவில்லை, கட்டத்தில் ஒரு மணி நேரம் என்பதற்குக் குறைவாக எழுத வழியில்லை. சீலைக் கீழே வைத்தேன்.

"உக்காரும்மா" என்றேன், "இந்தப் பேஷன்ட்டைப் பத்திச் சொல்லு."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு லேப்டாப்பைத் திறக்கப் போனாள், வேண்டாம் என்றதும் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் கோத்துக்கொண்டாள். ஆரம்பித்தாள், 38 வயது, திருமணமானவர், இரண்டு குழந்தைகள், ஆறு மாதமாகச் சோர்வு, தூக்கமின்மை, எதிலும் ஈடுபாடு இல்லை, எல்லாம் சரியாக, அந்தந்த இடத்தில், படிவத்தின் வரிசையிலேயே வந்தது, அளவுகோலில் எத்தனை மதிப்பெண் என்பதும் வந்தது. நான் மேசைமேல் எதையாவது எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளத் தேடினேன், பென்சில் ஒன்றுகூட இல்லை, இப்போது எல்லாம் திரையில் வரைகிறார்கள்.

"அவங்க என்ன சொன்னாங்க, அவங்க வார்த்தையில?" என்று கேட்டேன்.

நிறுத்தினாள். ஏ.சி. ஓடும் சத்தம் மட்டும் இருந்தது, நான் பேசவில்லை, அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திய இடத்திலும் பேசவில்லை. பிறகு, "ஒண்ணு சொன்னாங்க மேம், நான் ரிப்போர்ட்ல போடல, எங்க போடறதுன்னு தெரியல" என்றாள். "வீட்ல எல்லாரும்தான் இருக்காங்க, ஆனா அடுப்புல உலை கொதிக்கிற சத்தம் மட்டும்தான் எங்க வீட்டுச் சத்தமா கேக்குது, மத்ததெல்லாம் பக்கத்து வீட்லேர்ந்து வர்ற மாதிரி இருக்குன்னு சொன்னாங்க."

"எப்போ இருந்து?"

அவள் என்னைப் பார்த்தாள். "கேக்கலையே மேம்" என்றாள், குரல் இறங்கியிருந்தது, உடனே, "திங்கட்கிழமை காலையில ரிவ்யூவுக்கு வர்றாங்க, ஒன்பது மணிக்கு டோக்கன்" என்றாள்.

"நானும் உக்கார்றேன்" என்றேன், "அதுக்கு முந்தி எப்படி இருந்துச்சுன்னும் கேப்போம். லாக் புக் மதியம் அனுப்பிக்கலாம்."

பிப்ரவரி வரிக்கு எதிரே இருந்த கட்டத்தைக் காலியாகவே விட்டு, ஸ்டாம்ப் பேடை மூடினேன். விரலில் மை இன்னும் ஈரமாக இருந்தது, துடைக்கத் துணி ஏதாவது இருக்கிறதா என்று இழுப்பறையைத் திறந்தேன், டிஷ்யூ பேப்பர் பெட்டிதான் இருந்தது, இரண்டு மூன்று எடுத்துத் தேய்த்தேன், மை போகவில்லை, மாணவி எழுந்து வந்து அவள் பையிலிருந்து தேங்காயெண்ணெய்ப் புட்டியை எடுத்து நீட்டினாள், விடுதியிலிருந்து ஊருக்குக் கிளம்பியிருந்தாள் போல, என் விரலை வாங்கி அவளே துடைத்துவிட்டாள், நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.